ஜென்: ஒரு பெயர் வந்த வழி

1993இல் மாருதி நிறுவனம் தன் புதிய சிறு காருக்கு ‘ஜென்’ என்று பெயர் சூட்டியபோது, என்ஜினில் இரைச்சலே இல்லை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துகளே அப்பெயர் என்றும் ஒரு விளக்கம் உலவியது. சொல்லை நேசிக்கும் நாம் இத்தகைய விளக்கங்களைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். பெயர் முன்பே இருக்க, எழுத்துக்கு ஒரு சொல்லாகத் தேடிப் பொருத்துவது எல்லா மொழியிலும் உள்ள விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளக்கம் எடுபட்டதற்குக் காரணம் உண்டு. ஜென் என்றால் அலுங்காமை, அமைதி, பதற்றமின்மை என்ற எண்ணம் அதற்குள் ஆங்கிலம் வழியாக நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. பிரெஞ்சு மொழியிலோ அச்சொல் பெயரடையாகவே ஆகிவிட்டது. பதறாதே என்பதற்கு ‘ஜென்னாக இரு’ என்பார்கள். மேலைநாட்டுப் புத்தகக் கடைகளில் கீழை ஞானத்தை வாழ்க்கைப் பாடங்களாக வகுத்துத் தரும் நூல்களுக்கென்று தனி அடுக்கே உண்டு: மெல்லப் போ, பற்றை விடு, சும்மா இரு, யோசிக்காதே. இந்தக் கடைசி அறிவுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஜென் என்னும் பெயரின் அடிவேரில் உள்ள வினையின் பொருளே ‘நினைத்தல்’.

வேரிலிருந்தே தொடங்குவோம். வடமொழியில் ‘த்யை’ என்னும் வினையடிக்கு ஆழ்ந்து நினைத்தல், மனத்துள் நிறுத்திப் பார்த்தல் என்பன பொருள். எண்ணம், அறிவு என்று பொருள்படும் ‘தீ’ என்னும் வடசொல் அதற்கு நெருங்கிய உறவு. (நம்முடைய நெருப்பாகிய தீயை இங்கே கொண்டுவந்து முடிச்சுப் போட யாருக்கேனும் கை துறுதுறுத்தால் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும்; நெருப்பு வேறு வாசல் வழியாக வரப்போகிறது.) ‘த்யை’ பெற்ற பெயர் ‘த்யான’. சொல்லின் முதலில் மெய்ம்மயக்கத்தை ஏற்காத தமிழ், நடுவே ஓர் இகரத்தைச் செருகித் ‘தியானம்’ ஆக்கிக்கொண்டது. பிராகிருத மொழிகள் வேறு வழியில் போயின. அவை தகரத்தையும் யகரத்தையும் ஒன்றாக அரைத்து ஜகரமாக்கின. ‘வித்யா’ என்பது அவ்வாறே ‘விஜ்ஜா’ ஆயிற்று. பழந்தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. வித்தை என்று வடமொழி வழியாகவும், விச்சை என்று பிராகிருத வழியாகவும் ஒரே சொல்லை இருமுறை வாங்கி, விச்சாதரரையும் வித்தியாதரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்த மொழியல்லவா நம்முடையது! தியானத்துக்கு மட்டும் வடமொழி வாசலே போதும் என்று இருந்துவிட்டோம். இன்னொரு வாசலும் திறந்திருந்தால் ‘சானம்’ என்றொரு சொல் நம்மிடம் இருந்திருக்கும்.

பாலி மொழியில் அது ‘ஜான’. மூச்செறிந்து ஒலிக்கும் ஜகரம். தமிழெழுத்தில் எழுதும்போது இதை ஞானத்தோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. ஞானம் ‘அறி’ என்னும் வேறு வேரிலிருந்து கிளைத்தது, பாலியில் அது ஞகரத்தோடேயே நிற்கும். இப்போது நெருப்புக்கு வருவோம். பாலியில் ‘ஜாயதி’ என்று இரண்டு வினைகள் உள்ளன. ஒன்றுக்குத் தியானிக்கிறான் என்று பொருள், மற்றொன்றுக்கு எரிகிறது என்று பொருள்; வேர்கள் வேறு, ஒலி ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர் (முன்பு காஞ்சியில் தங்கியிருந்தவர் என்பது அவர் உரைநூல் ஒன்றின் முடிவுரையால் தெரிகிறது) இந்த ஒலியொப்புமையைக் கைநழுவ விடவில்லை. பொருளை உற்று நோக்குவதால் அது ஜானம், எதிர்நிற்கும் தடைகளை எரிப்பதால் அது ஜானம் என்று ஒரு சொல்லுக்கு இரு பிறப்பும் கூறினார். வேர்ச்சொல் ஆய்வாளர் இரண்டாவதை ஒப்பமாட்டார். சொல்லின் சுவை அறிந்தவர் அதை மறக்கவும் மாட்டார்.

சீனத்துக்குப் போனது தியானமா, ஜானமா? விடையை ஒலியே சொல்லிவிடுகிறது. பார்த்தியா நாட்டிலிருந்து வந்த ஆன் ஷிகாவ் 148ஆம் ஆண்டில் லோயாங் நகரை அடைந்து, தியான முறைகளைச் சொல்லும் நூல்களைச் சீனத்தில் பெயர்க்கத் தொடங்கினார். அவரும் அவர் வழிவந்தோரும் வழங்கியது ‘சான்னா’. இன்றைய பெய்ஜிங் ஒலிப்பில் முதலெழுத்து வல்லென்ற சகரம். ஆனால் அக்காலத்தில் அது நாவை மேலண்ணத்தில் அழுத்திச் சொல்லும் ஜகரம். தகரத்தில் தொடங்கும் வடசொல்லைக் கேட்டிருந்தால் தகரத்தில் தொடங்கும் எழுத்தொன்றைச் சீனர் தேடியிருப்பார்கள். அவர்கள் காதில் விழுந்தது வடமேற்கு இந்தியாவிலும் நடு ஆசியாவிலும் வழங்கிய பிராகிருத ஜகரம். இதில் சொல்லன்பர்க்கு ஒரு தனி இன்பம் உண்டு. சீன ஒலிநூலார் தம் மொழியின் மொழிமுதல் மெய்களை முப்பத்தாறாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டாக ஓர் எழுத்தின் பெயரையே இட்டபோது, அந்த முப்பத்தாறில் ஒன்று ‘சான்’. ககரம், ஙகரம் என்று நாம் சொல்வதுபோல, அங்கே தியானம் ஒரு மெய்யெழுத்தின் பெயராகவே இருக்கிறது.

ஒலிபெயர்க்க எடுத்த எழுத்துக்கு முன்பே ஒரு வாழ்வு இருந்தது. பேரரசர் மண்ணுக்குச் செய்யும் வேள்வி, அரியணையைத் தக்கவனிடம் ஒப்படைத்து விலகுதல் ஆகிய பொருள்களில் அது வழங்கிவந்தது. அந்த எழுத்தின் இடப்பகுதி பலிபீடத்தைக் குறிக்கும் குறி. வலப்பகுதி தனியே நின்றால் ‘ஒற்றை’ என்று பொருள்படும். ஒற்றை என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ஒருமை, எளிமை என்று தத்துவம் பேச நாவூறும். பேச வேண்டா, அப்பகுதி அங்கே ஒலிக்காக மட்டும் நிற்கிறது.

அடுத்து நடந்தது வால் அறுப்பு. நீளும் அயற்சொல்லைச் சீனம் அதிக நாள் தாங்காது. போதிசத்துவர் அங்கே ‘பூசா’ ஆனார், புத்தர் ‘ஃபோ’ என்ற ஓரசைக்குள் அடங்கினார், சான்னாவும் ‘னா’வை உதிர்த்துச் ‘சான்’ ஆயிற்று. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் பொருள்வழிப் பெயர்ப்பாக ‘அமைந்த எண்ணல்’ என்னும் அழகான தொடரை ஆண்டுபார்த்தார். அது ஏட்டிலேயே நின்றுவிட்டது. வாய்க்கு எளிய ஓரசை வென்றது. ஆனால் வெற்றிக்கு ஒரு விலை உண்டு. ‘அமைந்த எண்ணல்’ என்று கேட்பவனுக்கு எண்ணுதல் அங்கே இருப்பது தெரியும். ‘சான்’ என்று கேட்பவனுக்கு எதுவும் தெரியாது. அந்த வெறுமைக்குள் பின்வந்தோர் எதையும் ஊற்றலாம், ஊற்றினார்கள். ஒரு பயிற்சியின் பெயராக இருந்தது அதைச் செய்யும் துறவிக்கு அடைமொழியாகி, பிறகு ஒரு குருமரபின் பெயராயிற்று.

அந்த மரபு தன் முதல்வராகச் சொல்லும் போதிதருமரைப் பற்றி நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’ அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்துவிட்டது. சான்றுகள் சற்றுச் சிக்கலானவை. 547ஆம் ஆண்டையொட்டி லோயாங் நகர மடங்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்சி அவரைப் பாரசீகத்தவர் என்கிறார். போதிதருமரின் மாணவராகச் சொல்லப்படும் தான்லின், அவர் தென்னிந்தியப் பேரரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறார். 1004இல் தொகுக்கப்பட்ட விளக்கின் வழிமரபு நூல், அந்த அரசனைச் ‘சியாங்-சி’ அரசன் என்று பெயர் குறிக்கிறது. சியாங்-சியே காஞ்சி என்பது பலர் கொண்ட முடிவு. எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனாலும் யுவான் சுவாங் தம் பயண நூலில் திராவிட நாட்டின் தலைநகரைச் ‘சியென்-சி-பூ-லோ’ என்று, காஞ்சிபுரம் என்பது ஐயமற விளங்கும்படி, ககர ஒலியில் தொடங்கும் பழைய எழுத்தால் எழுதியிருக்கிறார். சியாங்-சியின் முதலெழுத்தோ பழைய ஒலிப்பில் ககரமன்று, காற்றொலி, பொருளும் ‘நறுமணம் வந்தடைதல்’. ஆசையைத் தராசில் வைக்கக் கூடாது. இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மட்டும் மகிழ்ந்து சொல்லலாம். தர்மம் என்பதை நாம் உகரம் சேர்த்துத் தருமம் என்கிறோம், ஜப்பானியரும் அவ்விடத்திலேயே உகரம் சேர்த்து அவரைத் ‘தருமா’ என்கிறார்கள். கண்மணி வரையாத சிவப்புப் பொம்மையாகத் தகாசாகி நகரில் விற்கப்படும் தருமா, வேண்டுதலின்போது ஒரு கண்ணும் நிறைவேறியபின் மறு கண்ணும் பெறுவார்.

சான் கொரியாவில் ‘சொன்’ ஆயிற்று. வியட்நாமில் ‘தியென்’ ஆயிற்று. அந்நாட்டு ஒலிமாற்றம் தற்செயலாகத் தொலைந்த பல்லின எழுத்தை மீட்டுக் கொடுத்து, நம் தியானத்தின் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஜப்பானில் அது ‘ஜென்’, மென்மையாக இழைந்து ஒலிக்கும் முதலெழுத்தோடு. 1191இல் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாய் ரின்சாய் மரபையும், 1227இல் திரும்பிய டோகென் சோட்டோ மரபையும் அங்கே ஊன்றினர். இந்த டோகென், தம் மரபை ‘ஜென் பிரிவு’ என்று அழைப்பதையே கண்டித்து எழுதினார் என்பது பலர் அறியாதது. புத்தர் சொன்ன வழி ஒன்றே இருக்க, அதில் ஒரு துண்டை வெட்டி ஜென் என்று பெயர் ஒட்டுவது அறியாமை என்பது அவர் கட்சி. இன்று உலகம் முழுவதும் ஜென் ஆசான் என்று போற்றப்படுபவர், அப்பெயரை ஏற்க மறுத்தவர்.

அவர் கூறும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்கலாம். அது சொல்லைப் பற்றியதும்கூட. 1223இல் டோகென் சீனக் கரையை அடைந்து, இறங்க இசைவு கிடைக்காமல் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தார். அறுபதைக் கடந்த துறவி ஒருவர் கப்பலுக்கு வந்தார். அசோக மன்னன் பெயர் தாங்கிய மலையில் உள்ள மடத்துச் சமையற்காரர். மறுநாள் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள் விழா. நூடுல்ஸ் குழம்புக்கு வேண்டிய சரக்கை ஜப்பானியக் கப்பலில் வாங்கிப் போக நெடுந்தொலைவு நடந்து வந்திருந்தார். இராத் தங்கிப் பேசலாம் என்று டோகென் வேண்ட, நாளைக்குச் சமைப்பது யார் என்று முதியவர் மறுத்தார். இந்த வயதில் அடுப்படியில் பாடுபடுவானேன், அமர்ந்து தியானம் செய்யலாமே, பழைய ஆசான்களின் உரைகளை ஆராயலாமே என்றார் இளைஞர். முதியவர் வாய்விட்டுச் சிரித்து, அயல்நாட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி என்றால் என்னவென்றும் தெரியவில்லை, எழுத்து என்றால் என்னவென்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பின்னொரு நாள் சந்தித்தபோது, எழுத்து என்றால் என்ன என்று டோகென் கேட்டதற்கு, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக் காட்டினாராம். டோகென் 1237இல் மடத்துச் சமையற்காரர்க்கென்றே ஒரு கையேடு எழுதினார். அரிசியைக் களையும்போது மணலையும் பார்க்க வேண்டும், மணலைக் களையும்போது அரிசியையும் பார்க்க வேண்டும், ஒரு மணி வீணாகக் கூடாது என்று போகும் அந்நூலில் மோனப் புன்னகை எதுவும் இல்லை. மேற்பார்வையாளரின் கறார் இருக்கிறது.

ஜென் மரபின் கலைச்சொற்கள் பெரும்பாலும் இந்தக் கறாரான உலகத்துச் சொற்களே. ‘கோஆன்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கை ஓசை பற்றிய புதிர் என்று மேலைநாட்டார் வியக்கும் அச்சொல், சீன நீதிமன்றத்துக் கோப்பின் பெயர். ‘பொது’ என்றும் ‘மேசை’ என்றும் பொருள்படும் இரு எழுத்துகள் சேர்ந்து, அதிகாரியின் மேசைமேல் வந்த வழக்கு, தீர்ப்புக்கு முன்மாதிரியாகும் வழக்கு என்றாயிற்று. வழக்கு என்று நாம் தமிழில் சொன்னால் நீதிமன்றத்து வழக்கும் அடங்கும், முன்னோர் வழங்கிவந்த முறையும் அடங்கும். கோஆனுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் வேறு மொழியில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஏனோ நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை விட்டுவிட்டுப் புதிர் என்கிறார்கள்.

‘ஓஷோ’ இன்னும் சுவையானது. ஜென் கோயில் குருவை அழைக்கும் மதிப்புச் சொல் அது. அதன் சீன வடிவம் ‘ஹஷாங்’. அச்சொல் வடமொழி ‘உபாத்யாய’ நடு ஆசியப் பிராகிருதங்களின் வாயில் தேய்ந்து வந்து சேர்ந்தது என்பது ஆய்வாளர் முடிவு. வட இந்தியாவில் அதுவே தேய்ந்து ஓஜா என்ற குடும்பப் பெயராகியிருக்கிறது. நாம் முன்னசையை உதிர்த்து, வகரத்தை ஏற்றி, மரியாதை விகுதியும் கூட்டி வைத்திருப்பது ‘வாத்தியார்’. 1989இல் ரஜனீஷ் தம் பெயரை ஓஷோ என்று மாற்றிக்கொண்டபோது, அடியார்கள் அதில் கடலையும் வானையும் கண்டார்கள். தமிழில் பெயர்த்தால் ‘வாத்தியார்’ என்றுதான் வரும். அதில் குறைவொன்றும் இல்லை.

‘ஷோஷின்’ என்பதை ஷுன்ர்யூ சுசுகி 1970இல் வெளிவந்த தம் ஆங்கில நூலின் தலைப்பிலேயே ‘தொடக்கக்காரனின் மனம்’ என்று பெயர்த்துப் புகழ்பெறச் செய்தார். நல்ல நூல், நல்ல கருத்து. ஆனால் ஜப்பானில் அச்சொல் மடத்துக்குள் மட்டும் வாழவில்லை; புதிதாக உரிமம் பெற்றவர் காரில் ஒட்ட வேண்டிய பச்சை மஞ்சள் இலைக்குறிக்கு அங்கே ‘ஷோஷின்ஷா’ குறி என்று பெயர், நம்மூர் ‘எல்’ பலகைபோல. அப்படிப் புழங்கும் சொல்லாக இருப்பதால்தான் ஆசான் அதை எடுத்து ஆண்டபோது மாணவர் மனத்தில் தைத்தது. மேலைநாட்டில் அது ஊதுவத்தி மணத்தோடு போய் இறங்கியது. மொழிபெயர்க்காமல் விட்ட சொற்களுக்கு எங்கும் நேர்வது இதுதான்: பொருள் தெரியாத இடத்தில் புனிதம் வந்து குடியேறிவிடும்.

மேற்கு நோக்கிய பயணத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது வேகமாக நடந்தது. 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் பேசிய அதே சர்வ சமயப் பேரவைக்கு ரின்சாய் துறவி சோயன் ஷாக்குவும் வந்திருந்தார். அவர் உரையை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்த மாணவரே டி. டி. சுசுகி, 1927இலிருந்து அவர் வெளியிட்ட கட்டுரைத் தொகுதிகள்தாம் ஜென் என்ற ஜப்பானிய வடிவத்தை ஆங்கிலத்தில் நிலைநாட்டின. சீனமோ கொரியாவோ முந்திக்கொண்டிருந்தால் இன்று உலகம் ‘சான்’ என்றோ ‘சொன்’ என்றோ சொல்லிக்கொண்டிருக்கும். 1948இல் ஜெர்மானியர் ஹெரிகல் வில்வித்தையையும் ஜென்னையும் சேர்த்து நூல் எழுதினார். அவருடைய வில்லாசான் ஆவா கென்சோ ஜென் பயின்றவரே அல்லர் என்பதை யமாதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினார். 1957இல் ஆலன் வாட்ஸ் ஜென்னைப் பற்றி எழுதினார், அடுத்த ஆண்டே ஜென் பேசும் கெரவாக்கின் நாவல் வந்தது. 1974இல் பர்சிக் ஹெரிகலின் தலைப்பைத் திருப்பி மோட்டார் சைக்கிள் பராமரிப்போடு சேர்த்தார். தம் நூலை மரபான ஜென் பயிற்சியோடு சேர்த்து எண்ண வேண்டா என்று அவரே முகப்பில் எச்சரித்திருக்கிறார். எச்சரிக்கையை யார் படித்தார்கள்? தலைப்பு மட்டும் அச்சாகி, தோட்டவேலை முதல் பங்குச்சந்தை வரை எதன் முன்னும் ‘ஜென்னும் … கலையும்’ என்று ஒட்டிக்கொள்ளும் முன்னொட்டாயிற்று. இந்த வேகத்தில், ஆலைகளில் ஓதப்படும் ‘கைஜென்’ என்ற சொல்லின் ஜென்னையும் இதே ஜென் என்று எண்ணுவோர் பெருகிவிட்டார்கள். அந்த ஜென் ‘நன்மை’ என்று பொருள்படும் வேறு எழுத்து. கைஜென் என்றால் மாற்றிச் செம்மையாக்குதல், அவ்வளவே. எல்லாவற்றையும் தமிழில் ஒரே ‘ஜென்’னாக எழுதும் நம் வழக்கம் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் வார்க்கிறது.

வேரில் ‘நினை’ இருக்க, பாடம் ‘நினையாதே’ என்றானது எப்படி? மேலைநாட்டார்மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. அமர்ந்திருக்கும்போது எதை நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, நினைத்தலும் அன்று நினையாமையும் அன்று, நினைவுக்கு அப்பாற்பட்ட ஒன்று என்ற வகையில் விடை சொல்லும் பழைய சீன உரையாடலை டோகென் தம் தியான விளக்கத்தின் நடுவில் வைத்திருக்கிறார். சொல் தன் வேரோடு மல்லுக்கு நின்ற இடம் அது. அந்த மல்லுக்கட்டுக்குக் கால் மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்து, தூங்கி விழுந்தால் தோளில் தட்டைக்கோலால் அடிவாங்கும் பயிற்சி தேவைப்பட்டது. பெயரடையான ஜென்னில் கோல் இல்லை.

கடைசியாக, தமிழில் இதை எப்படி எழுதுவது? ஆங்கிலத்தைப் பார்த்து ‘ஜென்’ என்று எழுதுகிறோம். ஜப்பானிய முதலெழுத்தின் இழைவு ஜகரத்தில் வராது, தமிழில் அதற்கு எழுத்தும் இல்லை. வட எழுத்தை விலக்கித் தமிழெழுத்தாலே எழுதுக என்ற தொல்காப்பிய நெறியில் நிற்பவர்கள் ‘சென்’ என்கிறார்கள், ஒலியைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஏச்சும் வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானியர் ஒரே சீன எழுத்தை வெவ்வேறு காலத்தில் வாங்கிய ஒலிப்பாலே இருவகையாகப் படிப்பார்கள். நாம் வித்தையையும் விச்சையையும் வைத்திருப்பதற்கு ஒப்பான வழக்கம் அது. இந்த எழுத்துக்கு அவர்கள் அகராதியில் உள்ள முந்திய ஒலிப்பு ஜென், பிந்தி வந்த தாங் காலத் தலைநகர் ஒலிப்பு ‘சென்’. பழகிய கண்களுக்காக நான் ஜென் என்றே எழுதிவருகிறேன். சென் என்று எழுதி யாரேனும் படி அனுப்பினால் திருத்தமாட்டேன்.